குரங்கை நினைக்காமல் மருந்து குடிப்பது எப்படி?

இரண்டு பெண்கள். ஒருத்திக்கு வயது 17, இன்னொருத்திக்கு 16. இருவரும் அமெரிக்கர்கள், இருவரும் நாவலில் வாழ்பவர்கள். இருவர் வாழ்க்கையிலும் சானிடைசர் பாட்டிலுக்குப் பெரிய இடம் உண்டு.

முதலாமவள் ஸ்டெல்லா. ரேச்சல் லிப்பின்காட் எழுதி 2018இல் வந்த ‘ஃபைவ் ஃபீட் அபார்ட்’ நாவலின் நாயகி. பிறவியிலேயே வந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அவள் நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. மாத்திரைகளை வரிசையாக அடுக்குவாள், செய்ய வேண்டியதைப் பட்டியல் போடுவாள், முடித்ததை அடித்துவிடுவாள். கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்வது அவளுக்கு மூச்சுவிடுவதைப் போல. மருத்துவமனையில் எல்லோரும் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாமவள் ஏஸா. ஜான் கிரீன் 2017இல் எழுதிய ‘டர்டில்ஸ் ஆல் த வே டவுன்’ நாவலின் நாயகி. இண்டியானாபொலிஸ் நகரத்துப் பள்ளி மாணவி. அவள் குடலிலோ நுரையீரலிலோ எந்த நோயும் இல்லை. ஆனால் ஒரு பாக்டீரியா தன்னைக் கொல்லப்போகிறது என்ற எண்ணம் அவளை விடுவதில்லை. விரல் நுனியில் இருக்கும் பழைய காயத்தைத் தானே கீறித் திறக்கிறாள், கிருமிநாசினி போடுகிறாள், புது பேண்டேஜ் ஒட்டுகிறாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கீறுகிறாள். ஒரு கட்டத்தில் சானிடைசரை எடுத்துக் குடித்தே விடுகிறாள்.

பாட்டில் ஒன்றுதான். ஒருத்திக்கு அது கவசம், இன்னொருத்திக்கு அதுவே நோயின் அடையாளம். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? உளவியல் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் துழாவிவரும் கேள்வி இது. கடந்த சில பத்தாண்டுகளில் ஆங்கிலத்தில் பெருகியிருக்கும் இளையோர் நோய் நாவல்கள் இதே கேள்வியைக் கதையாகச் சொல்லிப் பார்க்கின்றன. அவற்றில் நான்கை மேசைமேல் வைத்துக்கொண்டு, பயந்துபோன மனம் என்னென்ன செய்கிறது, அதில் எது உதவுகிறது, எது காலை வாருகிறது என்று பார்ப்போம்.

பாம்பு இருக்குமா, இருக்காதா?

பயமும் பதற்றமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. எதிரே நாய் பாய்ந்து வந்தால் வருவது பயம். நாளை அந்தத் தெருவில் நாய் நிற்குமோ என்று இன்று இரவு தூக்கம் கெட்டால் அது பதற்றம். பயத்துக்குக் கண்ணெதிரே ஒரு பொருள் உண்டு. பதற்றத்துக்கு இருப்பது கற்பனையில் உள்ள நாளைதான்.

உடம்பு ஆனால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மணியைத்தான் அடிக்கிறது. மூளைக்குள் பாதாம் கொட்டை அளவில் இருக்கும் அமிக்டலா எச்சரிக்கை விடுக்க, அட்ரினலினும் கார்ட்டிசாலும் ரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, வயிற்றைப் பிசைகிறது. எதிர்த்து நில் அல்லது ஓடிவிடு என்று உடம்பைத் தயார் செய்யும் இந்த ஏற்பாட்டை உடலியலாளர் வால்டர் கேனன் 1915லேயே விவரித்துவிட்டார். நாய் எதிரே நின்றால் இந்த ஏற்பாடு உயிர் காக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் ஒருவர் யாரோடு சண்டை போடுவது, எங்கே ஓடுவது? அமெரிக்கப் புற்றுநோயாளிகள் இந்தக் காத்திருப்பின் வேதனைக்கு ‘ஸ்கேன்ஸைட்டி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

காத்திருப்பு ஏன் அவ்வளவு வதைக்கிறது என்பதற்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு அழகான பதில் தருகிறது. கணினித் திரையில் பாறைகள். எந்தப் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறது என்று 45 தன்னார்வலர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின் அதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் வைத்து அவர்களின் பதற்றத்தை அளந்தார்கள். பாம்பு நிச்சயம் உண்டு, ஷாக் நிச்சயம் விழும் என்று தெரிந்தபோது அவர்கள் அதிகம் பதறவில்லை. உண்டா இல்லையா என்பது சரிபாதி வாய்ப்பாக இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தைத் தொட்டது. வரும் என்று தெரிந்த அடியைவிட, வருமோ வராதோ என்ற அடிதான் மனிதரை அதிகம் ஆட்டிப்படைக்கிறது.

நோயாளியின் உலகம் பெரும்பாலும் இந்தச் சரிபாதியில்தான் தொங்குகிறது. நோய் நாவல்கள் மரணத்தைப் பற்றியவை என்று சொல்லப்படுகின்றன. படித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் நிறைந்திருப்பது காத்திருப்பு.

இரண்டு கேள்விகள்

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் எழுதிய நூல் இந்தத் துறையில் இன்றும் அடித்தளமாக நிற்கிறது. அவர்கள் சொன்னதைச் சுருக்கினால், நெருக்கடி வரும்போது மனம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது. இதனால் எனக்கு என்ன ஆபத்து? இதில் என்னால் என்ன செய்ய முடியும்? இந்த இரண்டுக்கும் கிடைக்கும் விடையைப் பொறுத்தே ஒருவர் எவ்வளவு பதறுகிறார் என்பதும், எப்படிச் சமாளிக்கிறார் என்பதும் அமைகின்றன.

சமாளிப்பதில் இரண்டு பெரிய வழிகளை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, சிக்கலையே கையில் எடுத்துச் சரிசெய்யப் பார்ப்பது. மற்றது, சிக்கல் கிளப்பிவிட்ட உணர்ச்சியைக் கவனிப்பது. கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவது முதல் வகை. மழை நிற்கும்வரை பாத்திரத்தை வைத்துவிட்டுக் குழந்தைகளுக்குக் கதை சொல்வது இரண்டாம் வகை. எது உயர்ந்தது என்று கேட்டால் விடை கிடையாது. மாற்றக்கூடிய சிக்கலுக்கு முதல் வழி பொருந்தும், மாற்ற முடியாததற்கு இரண்டாவது. பொருத்தம் தவறும்போதுதான் தொல்லை. ஓடு மாற்ற வேண்டிய நேரத்தில் கதை சொல்லிக்கொண்டிருப்பதும் தவறு, நள்ளிரவுப் புயலில் ஏணியைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறுவதும் தவறு.

ஸ்டெல்லாவின் கண்டிப்பு பொருத்தமான கண்டிப்பு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒற்றை மரபணுக் கோளாறால் வருவது. 1989இல் அடையாளம் காணப்பட்ட சிஎஃப்டிஆர் என்ற அந்த மரபணு, செல்களுக்குள் உப்பும் நீரும் போய்வரும் வாசலுக்கான குறிப்பைத் தாங்கியிருக்கிறது. வாசல் கெட்டால் நுரையீரலின் சளி பிசின்போல் கெட்டியாகிறது, அதில் கிருமிகள் குடியேறுகின்றன. மூச்சுக்குழாயில் மருந்தைப் புகையாக இழுப்பது, நெஞ்சைத் தட்டிச் சளியை இளக்குவது, செரிமானத்துக்கு நொதி மாத்திரை போடுவது எனத் தினமும் மணிக்கணக்கில் வேலை. இந்த நோய் உள்ள இருவர் ஒருவருக்கொருவர் கிருமியைக் கடத்திவிடக்கூடும் என்பதால் ஆறடி இடைவெளி விட வேண்டும் என்பதும் விதி. ஸ்டெல்லா காதலிக்கும் வில் என்ற பையனின் நுரையீரலில் இருப்பதோ பர்க்ஹோல்டேரியா செபேசியா என்ற பொல்லாத பாக்டீரியா. அது தொற்றினால் நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்கான வாய்ப்பே அவளுக்குப் போய்விடலாம். எனவே அவள் கிருமிக்கு அஞ்சுவது அறிவுடைமை.

ஆனால் பட்டியல் போடும் பழக்கம் அவளை எங்கே கைவிடுகிறது என்பதையும் நாவல் காட்டுகிறது. அவளுடைய அக்கா அபி ஒரு விபத்தில் இறந்துபோகிறாள். மருத்துவமனையில் உடன் வளர்ந்த நண்பன் போ இறந்துபோகிறான். இவற்றுக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை. பெற்றோருக்காக நான் உயிரோடு இருந்தே ஆக வேண்டும் என்று மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தவள், எண்ண முடியாத துக்கத்தின் முன் திகைத்து நிற்கிறாள். ஓடு மாற்றத் தெரிந்தவளுக்குக் கதை சொல்லப் பழக்கமில்லை.

சுழலின் இயந்திரம்

இப்போது ஏஸாவிடம் வருவோம். அவள் அஞ்சுவது சி. டிஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடல் பாக்டீரியாவுக்கு. கற்பனைக் கிருமி ஒன்றுமில்லை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் பேருக்குத் தொற்றை உண்டாக்குகிறது. ஆனால் பெரும்பாலும் அது தாக்குவது மருத்துவமனையில் நாள்கணக்கில் கிடந்தவர்களையும், ஆன்டிபயாட்டிக் தின்று குடலின் நல்ல பாக்டீரியாக்களை இழந்தவர்களையும், முதியவர்களையும்தான். ஆரோக்கியமான 16 வயதுப் பெண்ணுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. இது ஏஸாவுக்கும் தெரியும். தெரிந்தும் பயன் இல்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சி. டிஃப் பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கெட்டியான உறையைக் கட்டிக்கொண்டு விதைபோல் உறங்கக்கூடியது. ஆல்கஹால் சானிடைசரால் அந்த விதையைக் கொல்ல முடியாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவி அகற்றுவதுதான் வழி. ஆகவே ஏஸா நம்பி ஏந்தும் ஆயுதம், அவள் அஞ்சும் எதிரியிடம் செல்லாத ஆயுதம். கிருமியைக் கொல்வதுதான் நோக்கம் என்றால் இந்தத் தகவல் தெரிந்ததும் பாட்டில் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். பாட்டிலின் உண்மையான வேலை வேறு. அது கொல்வது பதற்றத்தை. அதுவும் ஐந்து பத்து நிமிடங்களுக்கு.

ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோய், இயங்கும் விதம் இதுதான். வேண்டாத ஓர் எண்ணம் வருகிறது. பதற்றம் ஏறுகிறது. அதைத் தணிக்க ஒரு செயல் செய்யப்படுகிறது. பதற்றம் இறங்குகிறது. ‘இதைச் செய்ததால்தான் தப்பித்தோம்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் வலுவாக வருகிறது, செயல் இன்னும் அவசியமாகிறது. வலி நீங்குவதே பரிசாகி ஒரு பழக்கம் வேரூன்றுவதை உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். கந்துவட்டிக் கடன் மாதிரி. வாங்கிய அன்று நிம்மதி, பிறகு வாழ்நாள் முழுவதும் வட்டி.

மூளைக்குள்ளும் இந்தச் சுழலுக்கு ஒரு பாதை உண்டு. நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே இருக்கும் மூளைப்புறணிப் பகுதி ‘ஏதோ சரியில்லை’ என்று சைகை கொடுக்கும். உள்ளே ஆழத்தில் உள்ள காடேட், தலாமஸ் என்ற பகுதிகள் வழியாக அந்தச் சைகை சுற்றி வரும். வழக்கமாக, கதவைப் பூட்டியாகிவிட்டது என்று உறுதியானதும் சைகை அடங்கிவிடும். ஓசிடி உள்ளவர்களிடம் அது அடங்க மறுத்து அந்தப் பாதையிலேயே வளைய வருகிறது. பூட்டைக் கண்ணால் பார்த்த பிறகும் பூட்டிய உணர்வு வருவதில்லை. நோய் பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டுகிறது. இளையோர் நாவலில் அது இடம்பிடித்ததில் வியப்பில்லை.

ஜான் கிரீனுக்கே ஓசிடி உண்டு, அதை அவர் வெளிப்படையாகப் பேசியும் இருக்கிறார். ஏஸாவின் தலைக்குள் நடக்கும் வாக்குவாதத்தை அவர் எழுதியிருக்கும் விதத்தில் அது தெரிகிறது. ஒரு குரல் ‘வேண்டாம்’ என்கிறது, இன்னொரு குரல் ‘ஒரே ஒரு தடவை’ என்கிறது, இரண்டும் அவள் குரல்தான். இங்கே நாம் மேசையைக் கொஞ்சம் ஒழுங்காக வைத்துக்கொள்பவரைப் பார்த்து ‘அவனுக்கு ஓசிடிடா’ என்று சிரிக்கிறோம். ஒழுங்கு ஏஸாவின் பிரச்சினையே இல்லை. தன் மனதில் ஓடுவது தன் எண்ணம்தானா என்று தெரியாமல் தவிப்பதுதான் அவள் பிரச்சினை.

வைத்தியர் சொன்ன பத்தியம்

‘அதையே நினைக்காதே, மனதை வேறு பக்கம் திருப்பு.’ பதற்றத்தில் இருப்பவருக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஏஸாவுக்கும் சொல்கிறார்கள். இது ஏன் பலிப்பதில்லை என்பதை நம் பாட்டிமார் ஆய்வகம் இல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். வைத்தியர் மருந்தைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு பத்தியம் சொன்னாராம்: குடிக்கும்போது மட்டும் குரங்கை நினைத்துவிடாதே. அன்றிலிருந்து நோயாளி கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் முன்னால் குரங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்து கடைசிவரை உள்ளே போகவே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. மாணவர்களை ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார், நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்றபோது, முதலில் தடுக்கப்பட்டவர்களுக்குக் கரடி இன்னும் அதிகமாக வந்தது. காரணத்தை வெக்னர் இப்படி விளக்கினார்: ஓர் எண்ணத்தைத் தவிர்க்க வேண்டுமானால், அது வருகிறதா என்று மனதின் ஒரு பகுதி ஓயாமல் வேவு பார்க்க வேண்டும். வேவு பார்க்க அந்த எண்ணத்தையே நினைவில் வைத்திருக்க வேண்டும். திருடன் வருகிறானா என்று பார்க்க வைத்த காவல்காரனே திருடனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறான்.

இந்த அறிவோடு படிக்கும்போது ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ வேறோர் ஆழத்தில் தெரிகிறது. மூலக் கரு ஷிவோன் டௌட் என்ற எழுத்தாளருடையது. அவர் மார்பகப் புற்றுநோயால் 2007இல் இறந்துவிட, அந்தக் கருவைக் கொண்டு பேட்ரிக் நெஸ் 2011இல் நாவலை எழுதினார். ஜிம் கே ஓவியம் வரைந்தார். எழுத்துக்கான கார்னகி பதக்கத்தையும் ஓவியத்துக்கான கிரீனவே பதக்கத்தையும் ஒருசேர வென்ற முதல் நூல் அது.

கோனருக்கு வயது 13. அம்மாவுக்குப் புற்றுநோய். இரவு 12:07க்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் யூ மரம் பூதமாக எழுந்து வருகிறது. மூன்று கதைகள் நான் சொல்வேன், நான்காவது நீ சொல்ல வேண்டும், அது உன் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த உண்மையைத்தான் கோனர் நினைக்காமல் இருக்கப் பாடுபடுகிறான். நினைக்காமல் இருக்க இருக்க அது கெட்ட கனவாக ஒவ்வோர் இரவும் வருகிறது. அம்மா இறக்கக் கூடாது. ஆனால் இந்தக் காத்திருப்பு தாங்க முடியவில்லை, எப்படியாவது முடிந்துவிட்டால் போதும். இந்த இரண்டாவது எண்ணம் வந்ததால்தான் அம்மா சாகிறாள் என்று அந்தச் சிறுவன் நம்புகிறான்.

கெட்ட எண்ணம் வந்துவிட்டாலே கெட்டது செய்ததற்குச் சமம், அல்லது அந்த எண்ணமே கெட்டதை நடத்திவிடும் என்ற நம்பிக்கைக்கு எண்ணமும் செயலும் ஒன்றாகிப்போதல் என்று பெயர் வைத்து, ரோஸ் ஷாஃப்ரன், ஸ்டான்லி ராக்மன் ஆகியோர் 1996இல் அதை அளக்க ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்தார்கள். ஓசிடி உள்ளவர்களிடம் இந்த நம்பிக்கை மேலோங்கி இருப்பதைக் கண்டார்கள். கோனரும் ஏஸாவும் ஒருவரையொருவர் அறியாத உறவினர்கள்.

உண்மையில் வேண்டாத எண்ணங்கள் யாருக்குத்தான் வருவதில்லை? 2014இல் வெளியான ஆய்வொன்றில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 கல்லூரி மாணவர்களைக் கேட்டார்கள். மாடியில் நிற்கும்போது குதித்துவிடுவோமோ, கையில் கிருமி ஒட்டியிருக்குமோ, கதவைத் திறந்து போட்டு வந்துவிட்டோமோ என்கிற மாதிரியான எண்ணம் கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறையாவது வந்ததாக ஏறக்குறைய 94 சதவீதம் பேர் சொன்னார்கள். எண்ணம் எல்லோர் வாசலுக்கும் வருகிறது. சிலர் அதைப் பார்த்துவிட்டுப் போகவிடுகிறார்கள், சிலர் உட்காரவைத்து விசாரணை நடத்துகிறார்கள்.

தெரியாது என்று நடிப்பது

கோனரின் வேதனையைப் பெருக்குவது இன்னொன்று. பெரியவர்கள் அவனிடம் உண்மையைச் சொல்வதில்லை. அடுத்த மருந்து கேட்கும், அதற்கடுத்தது கேட்கும் என்று நம்பிக்கை ஊட்டுகிறார்கள். பாறைக்கு அடியில் பாம்பு இருக்குமா என்ற சரிபாதிக் கேள்வியில் அவனைத் தொங்கவிடுகிறார்கள்.

மைரா ப்ளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் ரத்தப் புற்றுநோயோடு அமெரிக்க மருத்துவமனையில் இருந்த 3 முதல் 9 வயதுவரையான குழந்தைகளோடு பழகி 1978இல் ஒரு நூலை வெளியிட்டார். அந்தக் குழந்தைகளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பக்கத்துக் கட்டில் காலியானதிலிருந்து, அம்மாவின் கண் சிவந்திருப்பதிலிருந்து, தாங்கள் போனதும் பேச்சு நின்றுவிடுவதிலிருந்து கோத்துக் கோத்துப் புரிந்துகொண்டிருந்தார்கள். பெற்றோர் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தெரியாததுபோல் நடித்தார்கள். குழந்தைக்குத் தெரியாது என்று பெற்றோரும், நமக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது என்று குழந்தைகளும் ஆடிய இரட்டை நாடகம்.

‘பேஷண்டுக்கு விஷயம் தெரியாது டாக்டர், சொல்லிடாதீங்க’ என்று வார்டு வாசலில் கிசுகிசுக்கும் நமக்கு இது புதிதல்ல. பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்தப் பாசம் நோயாளியை அவருடைய பயத்தோடு தனியாக அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது.

நாவலில் யூ மரம் வந்தது தற்செயல் இல்லை. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து மன்ரோ வால், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானி என்ற இரு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்து 1971இல் அமைப்பை வெளியிட்ட டாக்ஸால், இன்று மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்களுக்கான முக்கிய மருந்து. மரமோ நச்சு மரம். கோனரின் அம்மாவுக்கும் யூவிலிருந்து வந்த மருந்தையே கடைசியாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள், பலிக்கவில்லை. மரம் வந்தது அம்மாவைக் குணமாக்க அல்ல, கோனரைக் குணமாக்க. அவன் அந்த நான்காவது கதையை வாய்விட்டுச் சொல்கிறான். சொன்ன பிறகும் அம்மா இறக்கத்தான் போகிறாள். ஆனால் அவனால் இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க முடிகிறது.

கோப்பை உடைத்தால் கோபம் தீருமா?

வாய்விட்டுச் சொல்வது உதவுமென்றால், கையை நீட்டி உடைப்பதும் உதவுமா? ஜான் கிரீனின் ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ (2012) நாவலில் இதற்கொரு காட்சி உண்டு. கண்ணில் வந்த புற்றுநோயால் பார்வையை இழக்கப்போகும் ஐசக்கைக் காதலி விட்டுப் போய்விடுகிறாள். அவன் ஆத்திரம் தீர, நண்பன் அகஸ்டஸ் தான் கூடைப்பந்தில் வாங்கிய கோப்பைகளை எடுத்து உடைக்கச் சொல்கிறான். ஒவ்வொன்றாக நொறுங்குகின்றன. தேவலையா என்று கேட்டால், இல்லை என்கிறான் ஐசக்.

ஐசக் சொன்னதுதான் சரி. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் ஏறக்குறைய 600 மாணவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களின் கோபம் தணியவில்லை, ஏறியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். உடைப்பது எண்ணத்துக்கு இன்னும் விறகு போடுகிறது.

இந்த நாவலின் நாயகி ஹேசலுக்கு 16 வயது. தைராய்டு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். தன்னை ஒரு கையெறி குண்டாக நினைத்து எல்லோரையும் தள்ளி நிறுத்துகிறாள், வெடிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாதாம். தவிர்த்தல் என்ற பழைய உத்தி, தியாகத்தின் வேஷத்தில். அவளை உண்மையில் வாட்டுவது சாவுகூட இல்லை. தான் போன பிறகு அம்மா என்ன ஆவாள் என்பதுதான். அம்மா ரகசியமாகச் சமூகப்பணிப் பட்டப்படிப்புப் படித்து வருகிறாள், தனக்குப் பிறகும் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கும் என்று தெரியவரும்போது ஹேசலுக்கு வரும் மகிழ்ச்சி, நாவலில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம். ஒரு நிச்சயம் கிடைத்தது, ஒரு பதற்றம் இறங்கியது.

ஹேசலும் நண்பர்களும் சாவைப் பற்றி ஓயாமல் கிண்டலடிக்கிறார்கள். அதை மனம் மரத்துப்போனதன் அடையாளம் என்று நினைக்க வேண்டியதில்லை. நாம் முன்பு பார்த்த சூசன் ஃபோக்மன், எய்ட்ஸ் மரணங்கள் உச்சத்தில் இருந்த காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நோயுற்ற துணைவர்களைப் பராமரித்தவர்களைப் பல ஆண்டுகள் பேட்டி கண்டார். தொடக்கத்தில் கேட்ட கேள்விகள் எல்லாம் துன்பம் பற்றியவை. பதில் சொன்னவர்களே குறுக்கிட்டு, நல்ல தருணங்களைப் பற்றியும் கேளுங்கள் என்றார்கள். கேட்டபோது சேர்ந்து பார்த்த படம், வாய்க்குப் பிடித்த சாப்பாடு, ஒரு சிரிப்பு என வந்து குவிந்தன. கடும் துக்கமும் சிறு சந்தோஷமும் ஒரே நாளில், ஒரே மனதில் குடியிருக்க முடியும் என்பதை அவருடைய கோட்பாட்டில் சேர்க்க வேண்டியதாயிற்று.

குழாயை மூடியபோது

சரி, ஏஸாவுக்கு வழி என்ன? 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் துணிச்சலான ஒன்றைச் செய்தார். கை கழுவிக்கொண்டே இருந்த நோயாளியை அவர் அஞ்சிய பொருட்களைத் தொடவைத்தார், பிறகு கழுவவிடாமல் பார்த்துக்கொண்டார். அறையின் தண்ணீர்க் குழாயையே மூடிவிட்டார்கள். பதற்றம் ஏறியது, ஏறி நின்றது, பிறகு தானாக இறங்கியது. கழுவாமலே இறங்கும் என்பதை மனம் முதல்முறையாகக் கற்றுக்கொண்டது. இன்று நோயாளியின் சம்மதத்தோடு, படிப்படியாக நடக்கும் இந்தச் சிகிச்சைதான் ஓசிடிக்கு முதல்நிலைச் சிகிச்சைகளில் ஒன்று. தேவைப்பட்டால் மருந்தும் சேரும். கலிஃபோர்னியாவில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் 1992இல் காட்டியபடி, மருந்தால் தேறியவர்களிடமும் பயிற்சியால் தேறியவர்களிடமும் காடேட் பகுதியின் அதீதச் செயல்பாடு ஒரேபோலக் குறைந்தது. பழக்கத்தை மாற்றினால் மூளையும் மாறுகிறது.

ஏஸாவின் நாவல் முழுக் குணத்தில் முடிவதில்லை. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும் வாழ்க்கையில், அவள் வாழ்ந்துகொண்டிருப்பாள் என்ற இடத்தில் நிற்கிறது. இது நேர்மையான முடிவு. இந்த வகை நாவல்கள் எல்லாமே அப்படி நேர்மையானவை என்று சொல்லிவிட முடியாது. சாகும் பெண் கடைசிவரை அழகாகவே இருப்பது, காதல் மருந்தாகிவிடுவது போன்ற சர்க்கரைப் பூச்சுகளும் உண்டு. ஸ்டெல்லாவின் கதை 2019இல் படமாக வந்தபோது, விதியை மீறி நெருங்குவதைக் காதலாக்கிக் காட்டுகிறார்களே என்று அந்த நோய் உள்ளவர்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. நாவல் படித்தால் பிறர் மனம் புரியும் திறன் உடனே கூடுகிறது என்று 2013இல் பரபரப்பாக வெளியான ஆய்வும், பிறகு மறுபடி செய்து பார்த்தபோது நிற்கவில்லை. கதை சிகிச்சை ஆகாது. ஆனால் சிகிச்சைக்குப் போகக் கூச்சப்படும் 16 வயதுக்கு, ‘எனக்கு மட்டும் இல்லை’ என்ற ஒற்றை வரியைக் கதை கொடுக்க முடியும். கோனருக்கு மரம் கொடுத்தது அதைத்தான்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். ஸ்டெல்லாவின் பாட்டிலுக்கும் ஏஸாவின் பாட்டிலுக்கும் நடுவே கோடு எங்கே? மனநல மருத்துவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: எண்ணமும் சடங்கும் சேர்ந்து நாளில் ஒரு மணி நேரத்துக்குமேல் விழுங்குகின்றனவா, வாழ்க்கையைக் குலைக்கின்றனவா? ஆனால் ஸ்டெல்லாவின் சிகிச்சையும்தான் மணிக்கணக்கில் நேரத்தை விழுங்குகிறது. ஆகவே இன்னொரு கேள்வியும் வேண்டும். முடித்ததும் ‘போதும்’ என்று தோன்றுகிறதா? ஸ்டெல்லா பட்டியலின் கடைசி வரியை அடித்துவிட்டுப் படம் வரையலாம், தோழியிடம் பேசலாம். ஏஸாவின் பட்டியலுக்குக் கடைசி வரியே கிடையாது.

அந்த வைத்தியரின் நோயாளிக்கும் இன்று வேறு யோசனை சொல்லலாம். குரங்கை விரட்டிக்கொண்டே இருந்தால் கிண்ணம் கைகளிலேயே ஆறிப்போகும். வந்தால் வரட்டும், எதிரே ஓரமாக உட்காரட்டும், பல்லைக் காட்டட்டும். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே மருந்தைக் குடித்துவிடலாம்.